மூன்று தண்ணீருக்கு நடுவே ஒரு கீரைப் பாத்தி

மழை மேலிருந்து வருகிறது. வெள்ளம் பூண்டி அணையிலிருந்து வருகிறது. உப்பு, கடலிலிருந்து மண்ணுக்கு அடியில் நகர்ந்து வருகிறது. மணலி முதல் மீஞ்சூர் வரை தைப்பட்டம் போடும் சின்னத் தோட்டக்காரர்கள் இந்த மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வரும் அதிகாலை மின்சார ரயிலில் வெண்டர் பெட்டியை மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பழவேற்காட்டு மீன் கூடைகளுக்குப் பக்கத்திலேயே ஈரச் சாக்கு போர்த்திய கீரை மூட்டைகள் ஏறும். மீஞ்சூர் தாண்டினால் நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர். ஜன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர்கள், உப்பளங்கள், கன்டெய்னர் யார்டுகள். வடசென்னை என்றால் நமக்கு நினைவுக்கு வருவதும் இவைதான். ராயபுரத்தில் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறந்ததிலிருந்து துறைமுகம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, எண்ணூரில் மின் நிலையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக இந்தக் கரையில் வந்து குவிந்தன.

இவற்றுக்கு இடையிலும் பின்னாலும் இன்னமும் ஒரு பச்சைத் திட்டு மிச்சமிருக்கிறது. மாதவரம், புழல், செங்குன்றம், சோழவரம் பக்கமும், கொசஸ்தலை, ஆரணி ஆறுகளை ஒட்டி மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி பக்கமும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று வைத்துக்கொண்டு கீரையும் கத்திரியும் வெண்டையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் பிடுங்கிய கீரை காலை எட்டு மணிக்குள் தண்டையார்பேட்டைத் தெருவில் விற்றாக வேண்டும்.

அந்தத் தெருவில் வருஷத்துக்குப் பாதி நாள் ஒரே பேச்சுதான். "இன்னாக்கா, கட்டு இம்மாஞ் சின்னதா கீது?" "ராத்திரி மழைல அடி அழுகிப்போச்சும்மா. நல்லதா பாத்துக் கட்டிக்கினு வந்தேன்." வாங்குகிறவருக்குக் கீரைக்கட்டு இளைத்தது தெரிகிறது. ஏன் இளைத்தது என்பதற்கு ராத்திரி பெய்த மழை பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் பல கிலோமீட்டர் தள்ளி ஓர் அணையிலும், அறுபது வருஷத்துக்கு முன் தோண்டிய கிணறுகளிலும் இருக்கிறது.

முன்பு பருவம் பார்த்துப் பயிர் வைத்தார்கள். இன்று இந்தப் பகுதியில், எவ்வளவு போனால் தாங்கும் என்று பார்த்துப் பயிர் வைக்கிறார்கள். வடசென்னையின் காய்கறி விவசாயத்தில் நடந்திருக்கும் பெரிய மாற்றம் இதுதான்.

தை பிறந்தால்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் ஓய்கிறது. சென்னையில் ஓராண்டில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும். ஆகவே காய்கறிக்காரருக்கு வருஷம் தொடங்குவது சித்திரையில் அல்ல, தையில். நிலம் அப்போதுதான் காலுக்குப் பிடி கொடுக்கும்.

முதல் வேலை, மண் பதம் பார்ப்பது. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார்கள். உருண்டையாகவே கிடந்தால் இன்னும் ஈரம் அதிகம், உதிர்ந்தால் உழலாம். ஈரத்தில் அவசரப்பட்டு உழுதால் கட்டி தட்டிவிடும். பிறகு அந்தப் பட்டம் முழுக்க வேர் இறங்காது. காய்ந்ததும் இரண்டு உழவு, மட்கிய தொழு உரம், வேப்பம் புண்ணாக்கு. கத்திரிக்கும் மிளகாய்க்கும் பார் பிடிப்பார்கள். கீரைக்குப் பாத்தி கட்டுவார்கள்.

இன்னொரு பக்கம் நாற்றங்கால். கத்திரி நாற்று 30 முதல் 35 நாள், தக்காளி 25 நாள், மிளகாய் 40 நாளுக்கு மேல். விதைக்கும் முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வைப்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. நாற்றழுகல் நோய்க்கு அது ஒரு தடுப்பு. தை மாதத்தில் பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறி வருவதால், நாற்றுத் தண்டின் அடி கறுத்துச் சாய்வதற்கு ஒரு மழை இரவு போதும்.

கீரைப் பாத்தியைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சிறுகீரை விதை கடுகைவிடச் சிறியது. வெறும் கையால் தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும் என்பதால் மணலோடு கலந்து தூவுவார்கள். தூவியதும் விளக்குமாற்றால் மேலாக ஒரு தடவு தடவி, பூவாளியால் நீர் தெளிப்பார்கள். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க வரப்போரத்தில் கொஞ்சம் நொய் தூவுகிறவர்களும் உண்டு. எறும்புக்கு அது போதும். மூன்றாம் நாள், நான்காம் நாள் சிவப்பும் பச்சையுமாக முளை தெரியும். 25 நாளில் வேரோடு பிடுங்கித் தொட்டியில் அலசிக் கட்டு கட்டிவிடலாம்.

இந்த 25 நாளில் ஆபத்தான நாட்கள் முதல் நான்கும் கடைசி நான்கும். முளைக்கும் முன் பலத்த மழை அடித்தால், விதை மொத்தமும் மிதந்து பாத்தியின் தாழ்ந்த மூலையில் போய் ஒதுங்கும். அங்கே புல் மாதிரி நெருக்கி முளைக்கும், மீதி இடம் மொட்டை. பறிக்கும் வாரத்தில் அடித்தால் இலை முழுக்க மண் தெறிக்கும், இலையடியில் வெள்ளைத் துரு நோய் புள்ளி வைக்கும், கட்டினால் கட்டுக்குள்ளேயே சூடேறி அழுகும். நடுவில் பெய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வானிலை அறிக்கையில் "லேசானது முதல் மிதமான மழை" என்று கேட்டதும் இவர்கள் கணக்குப் போடுவது, எந்தப் பாத்தி எத்தனையாவது நாளில் நிற்கிறது என்றுதான்.

மேலிருந்து வருவது

மழைக்காலத்தில் மழை பெய்வது இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அதற்குத் தயாராகத்தான் இருக்கிறார்கள். கணக்கு தவறுவது, பெய்யக் கூடாத மாதத்தில் பெய்யும்போது.

2021 ஜனவரியில் தமிழகம் முழுக்கப் பருவம் தப்பிய கனமழை. பொங்கலுக்கு அறுவடைக்கு நின்ற நெல் பல மாவட்டங்களில் வயலிலேயே முளைத்தது. 2022 மார்ச் முதல் வாரத்தில், அதாவது மாசி நடுவில், தென்மேற்கு வங்கக் கடலில் ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. கரைக்கு வருவதற்குள் அது வலுவிழந்துவிட்டது என்றாலும், மார்ச்சில் அப்படி ஒன்று உருவாவதே அபூர்வம். 2023 ஜூனில், கத்திரி வெயிலின் சூடு தணியாத நேரத்தில், ஒரே இரவில் மீனம்பாக்கத்தில் 15 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல்.

இதற்கு எதிர்முனையும் உண்டு. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. சென்னைக் கோடையை ஆளுவது வெயிலைவிடக் காற்று. நடுப்பகலுக்கு முன்னால் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் வெப்பம் ஓர் அளவோடு நிற்கும். மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக அடித்துக் கடல்காற்றைத் தடுத்துவிட்டால், அன்றைக்கு மூன்று மணி வரை ஏறிக்கொண்டே போகும். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அந்த நாட்களில் எண்ணூர்த் தோட்டம் திருவள்ளூர் போலவே காயும்.

பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளிப் பூவில் மகரந்தம் பலமிழந்து பூ உதிர்ந்துவிடும். செடி பச்சையாக நிற்கும், காய் இருக்காது. மிளகாயில் இலைப்பேன் பெருகி இலை சுருளும். வெண்டையில் வெள்ளை ஈ பெருகி மஞ்சள் நரம்பு நோய் பரவும். அந்த நோய் வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். மழை அதிகமானால் பூஞ்சை, வெயில் அதிகமானால் பூச்சி. எது வரும் என்று தெரியாததால் இரண்டுக்கும் செலவு செய்ய வேண்டியிருக்கிறது.

வானத்தைக் கண்காணிக்கக் கருவி இல்லாமல் இல்லை. சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் 2002-இல் நிறுவப்பட்டது. புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அது பல நூறு கிலோமீட்டருக்கு முன்பே சொல்லும். கோடை இடிமழை விஷயம் வேறு. மேற்கே கிளம்பும் மேகம் கடல்காற்றோடு மோதும் இடத்தில் கொட்டும். ஆவடியில் வெள்ளம், அத்திப்பட்டில் தூறல்கூட இருக்காது. மாவட்டத்துக்கு ஒன்றாக வரும் அறிக்கையால் ஒரு 30 சென்ட் தோட்டத்துக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிவுரைகளை மாவட்ட அளவில் தயாரித்து வந்த 199 மையங்கள், 2024-இல் நாடு முழுக்க மூடப்பட்டன. வானம் குழம்பிப் போன காலத்தில்தான் இந்த முடிவும் எடுக்கப்பட்டது.

பூண்டியிலிருந்து வருவது

மழை நின்று, வெயில் அடித்து, பாத்தி காய்ந்துகொண்டிருக்கும்போது வெள்ளம் வருவது மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது. கொசஸ்தலைக் கரைக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

கொசஸ்தலை ஆற்றின் மேல் பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டப்பட்டது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அதற்கு மேலே ஆந்திரத்திலும் அணைகள். அங்கே பெய்தால் அவற்றைத் திறப்பார்கள், பூண்டி நிறையும், பூண்டியைத் திறப்பார்கள். உபரி நீர் தாமரைப்பாக்கம், காரனோடை, நாப்பாளையம் வழியாக இடையஞ்சாவடி, மணலி புதுநகர், சடையங்குப்பம் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். தண்டோரா போட்டுச் சொல்லும் வெள்ள அபாய எச்சரிக்கையில் இந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும்.

2021 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பூண்டியிலிருந்து விநாடிக்கு 30,000 கன அடிக்கும் அதிகமாகத் தண்ணீர் திறக்கப்பட்டது. மணலி புதுநகர், வெள்ளிவாயல்சாவடி, சடையங்குப்பம் பகுதிகளில் வீட்டுக்குள் ஆறு ஓடியது. படகில் ஆட்களை மீட்டார்கள். செய்திகளில் வீடுகள் வந்தன. வீடுகளுக்குப் பின்னால் முழுகிக் கிடந்த பாத்திகளை யாரும் படம் எடுக்கவில்லை.

வெள்ளம் வருவதைவிட அது வடியாமல் நிற்பதுதான் காய்கறியைக் கொல்கிறது. நெல் சில நாள் தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். கத்திரியும் மிளகாயும் ஒன்றிரண்டு நாளில் வேர் மூச்சுமுட்டி, தண்ணீர் வடிந்த பிறகு வெயில் பட்டதும் வாடி விழும். தண்ணீரிலேயே நின்று தாகத்தில் சாவது போலத்தான் இருக்கும் பார்க்க. 20 செ.மீ. மழை 30 சென்ட் நிலத்தில் மட்டும் கொட்டும் தண்ணீர் சுமார் 2,40,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் இருபது லாரி. அணையிலிருந்து வருவது இதில் சேர்த்தி இல்லை. முகத்துவாரம் மணல் மேடிட்டும், கழிமுகம் சாம்பலாலும் கட்டுமானத்தாலும் குறுகியும் இருக்கும்போது, பௌர்ணமி ஓதம் வேறு சேர்ந்தால் அது எங்கே போகும்?

வடியும்போது சும்மாவும் வடிவதில்லை. மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. மீனவர் வலையும் படகும் கறுத்தன. பசுமைத் தீர்ப்பாயம் வரை அந்த விவகாரம் போனது. செப்பாக்கம் போன்ற கிராமங்கள் ஏற்கெனவே அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி வாழ்கின்றன. காற்று பலமாக அடிக்கும் கோடையில் சாம்பல் தூசு இலையில் படியும். இங்கே வளரும் கீரையை இரண்டு தண்ணீரில் அலசுகிறார்கள் என்றால் மண்ணுக்காக மட்டும் இல்லை.

அடியிலிருந்து வருவது

மூன்றாவது தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. அதன் வயது அறுபது வருஷம்.

ஆரணியாறும் கொசஸ்தலையும் அடித்துவந்த மணலும் வண்டலும் சேர்ந்த இந்தப் படுகையில் நிலத்தடி நீர் வளமாக இருந்தது. 1960-களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணற்று வயல்கள் அமைத்து, மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்கள். விவசாயிகளும் மோட்டார் வைத்து இறைத்தார்கள்.

கடலோரத்து மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், அந்த எடை கீழே உப்புத் தண்ணீரைச் சுமார் 40 அடிக்கு அமுக்கி வைக்கும். இறைத்து இறைத்து அந்த ஓர் அடியை எடுத்துவிட்டால் கீழே இருப்பது 40 அடி மேலே வரும். மீஞ்சூரில் அதுதான் நடந்தது. 1969-இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1983-இல் 9 கிலோமீட்டரை எட்டியது. பிறகு வந்த ஆய்வுகள் அதையும் தாண்டிக் காட்டுகின்றன. இறைப்பைக் கட்டுப்படுத்த 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று நிலத்தடி நீர்ச் சட்டமே வந்தது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல், கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் பெரிய ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொடுத்த வட்டாரம், கடலை வடிகட்டிக் கொடுக்கும் வட்டாரமானது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 2000-களின் தொடக்கத்து வறட்சியில், குடிநீர் வாரியம் இந்தப் படுகையின் மேல்பகுதி விவசாயிகளின் கிணற்று நீரையே விலைக்கு வாங்கியது. பயிர் வைத்து வானத்தைப் பார்ப்பதைவிட, மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை விற்பது நிச்சயமான வருமானம். பலர் விற்றார்கள். கிணறு இல்லாத குத்தகைக்காரருக்கும் கூலியாட்களுக்கும் அதில் ஒன்றும் இல்லை. பக்கத்துக் கிணறுகள் வற்றியதும் வெள்ளியூர் போன்ற ஊர்களில் போராட்டம் வெடித்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்ட 2019 கோடையிலும் நகரம் மறுபடி இந்தக் கிணறுகளைத் தேடித்தான் போனது.

தோட்டத்தில் உப்பைக் கண்டுபிடிக்க லேப் வேண்டியதில்லை. மோட்டார் போட்டதும் முதல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைப்பார்கள். பங்குனியில் காலையில் வரப்பு விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். அடுத்து பீன்ஸ் இலையின் ஓரம் கருகும். உணவு வேளாண் அமைப்பு வெளியிட்டிருக்கும் அட்டவணை இதையே எண்ணில் சொல்கிறது. மண்ணின் உப்பை டெசிசீமன்ஸ் என்ற அளவில் அளந்தால், பீன்ஸ் 1.0-லேயே விளைச்சல் குறையத் தொடங்கும். வெங்காயமும் முள்ளங்கியும் 1.2. மிளகாய் 1.5. தக்காளி, வெள்ளரி 2.5. பீட்ரூட் 4.0. காராமணி 4.9. கொத்தவரை அதற்கும் மேலே தாங்கும். கடலோரத் தோட்டங்களில் காராமணியும் கொத்தவரையும் தட்டுப்படுவதைச் சுவைக்காக என்று நினைக்க வேண்டாம். நாக்கில் பார்த்த அந்தத் தண்ணீர்தான் பயிரைத் தேர்ந்தெடுக்கிறது.

மூன்று தண்ணீரும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பது இங்கேதான் விளங்கும். கார்த்திகையில் பாத்தியை அழிக்கும் அதே வெள்ளம்தான் மண்ணின் உப்பைக் கழுவி, கிணற்றில் நல்ல தண்ணீரை ஏற்றி, கடலைப் பின்னால் தள்ளுகிறது. மழை பொய்த்த ஆண்டில் கார்த்திகைப் பயிர் தப்பிக்கும், தைப்பட்டம் உப்பில் கருகும். மழை கொட்டிய ஆண்டில் கார்த்திகைப் பயிர் போகும், தைப்பட்டம் செழிக்கும். இரண்டும் நன்றாக வந்த வருஷத்தை இந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணலாம்.

சின்னதாகப் பந்தயம் கட்டு

இப்படிப்பட்ட இடத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? பந்தயத்தைச் சின்னதாக வைத்துக்கொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரே நாளில் எல்லாப் பாத்தியிலும் விதைப்பதில்லை. நாலைந்து நாள் இடைவெளியில் ஒவ்வொரு பாத்தியாகப் போடுகிறார்கள். மழை அடித்தால் ஒரு பாத்தி விதை நிலையில் போகும், ஒன்று பறிக்கும் நிலையில் போகும், நடுவில் இருப்பவை நிற்கும். சந்தைக்கும் தினமும் கொஞ்சம் கொடுக்க முடியும். சிறுகீரை, முளைக்கீரை போன்ற குறைந்த நாள் பயிரோடு, வெட்ட வெட்டத் துளிர்க்கும் அரைக்கீரை ஒரு பாத்தி. வெள்ளத்தில் இலை போனாலும் கட்டை பிழைத்தால் அது மறுபடி வரும். நாற்றைத் தரையில் விடாமல் குழித்தட்டில் வளர்த்து, மழை என்றால் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி, நடுவே வடிகால் விடுகிறார்கள். கோடையில் வைக்கோல் மூடாக்கு. ஈரம் நிற்பதோடு, தண்ணீர் ஆவியாகி உப்பு மேலே ஏறுவதையும் அது குறைக்கும்.

இதில் எதுவும் புது விஞ்ஞானம் இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை மட்டும் உண்டு. பந்தயம் சிறியதானால் லாபமும் சிறியது. ஆள் வேலை அதிகம், வண்டி வாடகை தினமும் உண்டு. பெரிய அளவில் தக்காளி போட்டு ஒரு நல்ல விலையில் கடனை அடைத்துவிடும் வாய்ப்பை இவர்கள் கைவிட்டுவிட்டுத்தான் பிழைக்கிறார்கள்.

மாதம் ஒரு வேலை: வடசென்னைத் தோட்டத்தின் காலண்டர்

*தை:* உழவு, அடியுரம், கத்திரி–மிளகாய் நாற்றங்கால், முதல் கீரைப் பாத்தி. அஞ்ச வேண்டியது பருவம் தப்பிய மழையும் இரவுப் பனியும்.

*மாசி:* நாற்று நடவு, வெண்டை–கொத்தவரை விதைப்பு, வெள்ளரிக்குக் குழி. கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்க்கத் தொடங்கும் மாதம்.

*பங்குனி:* களை கொத்தி மண் அணைப்பு, மூடாக்கு. இலைப்பேன், வெள்ளை ஈயைத் தேடி இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

*சித்திரை:* வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு. அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் பாசனம். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடக்கம்.

*வைகாசி, ஆனி:* மேல்காற்றும் இடிமழையும். நிலத்துக்குக் கொஞ்சம் ஓய்வு, கோடை உழவு.

*ஆடி:* அடுத்த பட்டம். வடிகால் தூர்வார இதுவே கடைசி நல்ல நேரம்.

இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்

இயற்கை இடரில் பயிர் அழிந்தால் நிவாரணம் உண்டு. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால் இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது, 2023-இல் மிக்ஜாமின்போது, பேரிடர் நிவாரண நிதியின் அளவுகோலாக இருந்தது. 30 சென்ட் கீரைத் தோட்டத்துக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் வரும். அதுவும் அழிந்த அன்றைக்கு அதிகாரி வந்து பார்த்து, கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் அந்தப் பயிர் ஏறியிருந்தால்.

கீரை 25 நாள் பயிர். வெள்ளம் வடிந்து கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் நிலத்தை உழுது அடுத்த விதையைப் போட்டிருப்பார்கள். போடாமல் காத்திருந்தால் நிவாரணத்தைவிட அதிகம் நஷ்டம். 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் ஒரு பகுதியின் சராசரி விளைச்சலை அளந்து இழப்பீடு தருகிறது. ஒரு பருவத்துக்கு ஓர் அறுவடை என்னும் நெல்லுக்கு அது சரி. மாதம் ஓர் அறுவடை, பாத்திக்கு ஒரு தேதி என்று ஓடும் தோட்டத்தை அந்தத் தராசில் நிறுக்க முடியாது.

அடுத்த முடிச்சு பட்டா. நகரத்தை ஒட்டிய நிலத்தில் கணிசமானது, விலை ஏறும் என்று வாங்கிப் போட்டவர்களின் கையில் இருக்கிறது. உழுகிறவர் வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரர். வேலி போட்டு பிளாட் கல் நடும் நாள் வரை பயிர் வைக்கலாம். எழுத்தில் ஒன்றும் கிடையாது. நிவாரணம் வந்தால் அது பட்டாவில் இருப்பவர் பெயருக்கு வருகிறது. நாளைக்கு இருக்குமா என்று தெரியாத நிலத்தில் சொட்டு நீரோ நிழல்வலையோ போட யாருக்கும் மனசு வராது. வானிலை நிச்சயமின்மையைவிட இது பெரிய நிச்சயமின்மை.

கொல்கத்தாவைப் பாருங்கள்

கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பும் குளமும் வயலும் இருக்கின்றன. நகரத்தின் கழிவுநீர் அங்கே போய் மீனாகவும் நெல்லாகவும் காய்கறியாகவும் திரும்பி வருகிறது. தாபா பகுதியின் காய்கறி நகரச் சந்தைக்குப் போகிறது. அங்கேயும் குப்பை, தொழிற்கழிவு, ரியல் எஸ்டேட் என்று எல்லாச் சிக்கலும் உண்டு. ஆனால் துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர் அதன் அருமையை எடுத்துச் சொன்னதன் பலனாக, 2002-இல் அது ராம்சர் தலமானது. 2006-இல் மாநில அரசு தனிச் சட்டமே போட்டது. வெள்ளத்தைத் தாங்குவது, கழிவைச் சுத்தம் செய்வது, சோறு போடுவது என்று மூன்று வேலை செய்யும் நிலத்தைக் "காலி இடம்" என்று எழுத முடியாது என்பதை அந்த நகரம் காகிதத்தில் ஒப்புக்கொண்டது.

சென்னையில் பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வடக்கே, கொசஸ்தலை வெள்ளம் படர்ந்து நிற்க இடம் கொடுக்கும் தோட்டங்களுக்கு அப்படி எந்தப் பெயரும் இல்லை. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பொன்னேரியும் இப்போது அதற்குள். நகரத்தின் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகும் நேரம் இது. அந்த வரைபடத்தில் இந்த நிலங்களுக்கு என்ன நிறம் பூசப்படுகிறது என்பதைப் பொறுத்தே, அடுத்த இருபது வருஷத்துக்கு ராயபுரத்தின் கீரை எங்கிருந்து வரும், மணலி புதுநகரின் வெள்ளம் எங்கே போய் நிற்கும் என்பது முடிவாகும்.

பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத காரியங்களும் இருக்கின்றன. பூண்டி திறக்கும்போது "தாழ்வான பகுதி மக்கள் எச்சரிக்கை" என்பதோடு நிறுத்தாமல், எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்ல வேண்டும். முற்றிய கீரையை முன்கூட்டியே பிடுங்கி விற்க ஆறு மணி நேரம் போதும். நிவாரணக் கணக்கில் பட்டாதாரருக்குப் பதில் பயிர் வைத்தவர் பெயரை அடங்கலில் ஏற்றலாம். குறைந்த நாள் பயிருக்கு, செல்போனில் எடுத்த படத்தை வைத்துச் சேதத்தைப் பதிவு செய்யலாம். கிணற்று உப்பை மாதம் ஒருமுறை அளந்து பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போட்டால், மிளகாயா காராமணியா என்று முடிவு செய்ய நாக்கை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

மழையை யாராலும் பிடித்து வைக்க முடியாது. ஆனால் இந்த மண்ணைத் தாக்கும் மூன்று தண்ணீரில் இரண்டு, மனிதர்கள் எடுத்த முடிவுகளால் வந்தவை: அணையின் ஷட்டரும் கிணற்றின் மோட்டாரும். அவை இரண்டும் ஒழுங்காக நடந்தால், மழையை எப்படிச் சமாளிப்பது என்று இந்தத் தோட்டக்காரர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.